சங்கரன்கோவ

உலகத்தின் முதல் மெட்டாடேட்டா தகராறு எங்கள் சங்கரன்கோவிலில்தான் நடந்தது. பாட்டு ஃபைலைத் தட்டினால் பாடியவர் யார், படம் எது, வருடம் எது என்று திரையில் ஓடுகிறதே, அந்த விவரத்துக்குத்தான் இப்படியொரு வாய்நிறையும் பெயர். தகராறு நடந்த காலத்தில் ஊரில் ஃபைலும் கிடையாது, திரையும் கிடையாது. ஒரு புன்னைக் காடு, ஒரு புற்று, இரண்டு நாகராஜாக்கள். சங்கன் சிவன் கட்சி. பதுமன் பெருமாள் கட்சி. பிரபஞ்சம் என்கிற ஆல்பத்துக்கு 'ஆர்ட்டிஸ்ட்' கட்டத்தில் யார் பெயரைப் போடுவது என்பது வழக்கு.

இரண்டு பேரும் கோமதி அம்மனிடம் பஞ்சாயத்துக்குப் போனார்கள். அம்மன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் கூடப்பிறந்த அண்ணன். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் ஒரு தீபாவளிக்காவது பேச்சுவார்த்தை நின்றுபோகும். அவள் வாயைத் திறக்காமல் தவசுக்குப் போய்விட்டாள். ஆடி உத்திராடத்தன்று வலப்பக்கம் சங்கரரும் இடப்பக்கம் நாராயணருமாக ஒரே உடம்பில் வந்து நின்றார்கள். ஒரே ஃபைல், இரண்டு ஆர்ட்டிஸ்ட், ஆளுக்குப் பாதி. வழக்கு முடிந்தது. இதை ஆடித்தபசு என்று வருடந்தோறும் 12 நாள் திருவிழா எடுத்து, தேரோட்டி, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துக் கொண்டாடுகிறோம். கோயிலை 108 தடவை சுற்றுகிற ஆடிச்சுற்று நேர்த்திக்கடனும் உண்டு. இன்னும் 20 சுற்று சேர்த்தால் 128. அந்த எண் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இத்தனை பாடுபட்டு எங்கள் ஊர் தீர்த்துவைத்த சிக்கலில் உலகம் 1996-ல் மறுபடியும் போய் விழுந்தது. அதற்கு முன்னால் தமிழன் பாட்டுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிய கதையை ஓர் எட்டு பார்த்துவிடலாம்.

குறுந்தொகையைத் தொகுக்க உட்கார்ந்தவர்களுக்கு ஒரு சங்கடம். பாட்டு இருக்கிறது, பாடியவர் பெயரைக் காணோம். இன்றைய மென்பொருளாக இருந்தால் 'அன்நோன் ஆர்ட்டிஸ்ட்' என்று போட்டுவிட்டுத் தூங்கப் போகும். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சோம்பல் குறைவு. பாட்டுக்குள்ளேயே கையை விட்டு, இருப்பதில் நல்ல சொற்றொடரை உருவி, அதையே புலவருக்குச் சூட்டிவிட்டார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார் எல்லாம் அப்படிப் பிறந்தவர்கள்தான். மழைத்தண்ணீருக்கும் அணிலுக்கும் ஏருக்கும் இலக்கிய அந்தஸ்து கிடைத்தது. புறநானூற்றில் இன்னும் கறார்: திணை எது, துறை எது, பாடியவர் யார், யாரைப் பாடினார் என்று ஒவ்வொரு பாட்டின் அடியிலும் குறிப்பு. உ.வே.சா. 1894-ல் அதை அச்சேற்றியபோது 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் ஓலையிலேயே காணாமல் போயிருந்தன. மற்றவற்றில் பல குறிப்புகள் கறையான் பசிக்கும் தப்பிவிட்டன.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் வந்தார். தன் பாட்டை நாளைக்கு வேறு எவனாவது தன் பேரில் இறக்கிவிடுவான் என்ற பயமோ என்னவோ, ஏறக்குறைய எல்லாப் பதிகத்தின் கடைசிப் பாட்டிலும் தன் பெயர், தன் ஊர், இதைப் பாடினால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்ற விவரம் மூன்றையும் வைத்துத் தைத்துவிட்டார். திருக்கடைக்காப்பு என்று அதற்கு மரியாதையான பெயர். ஆர்ட்டிஸ்ட், இடம், பின்குறிப்பு எல்லாம் ஃபைலின் வாலில். ஒரே குறை, சீர்காழிக்கு 12 பெயர். அவரும் ஒன்றை விடாமல் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். ஊர்வாரியாக அடுக்கப் போகிற மென்பொருள் அழுதுகொண்டு திரும்பிவரும்.

ராஜராஜ சோழனுக்கு வாலில் எழுதுவது கௌரவக் குறைச்சல். அவர் தலையில் எழுதினார். கோயிலுக்கு ஒரு விளக்கும் கொஞ்சம் ஆடும் விட்ட செய்தியைச் சொல்ல வேண்டுமென்றால்கூட, எந்தெந்த நாட்டை ஜெயித்தார் என்ற மெய்க்கீர்த்தியை முதலில் படித்துத் தாண்டியாக வேண்டும். ஆடு வருவதற்குள் ஈழமே விழுந்துவிடும். முத்துசுவாமி தீட்சிதர் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டார். எங்கள் ஊருக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் 1835-ல் காலமான அதே மகான்தான். 'குருகுக' என்று தன் முத்திரையைக் கீர்த்தனைக்குள்ளேயே வைத்தார், போதாததற்கு ராகத்தின் பெயரையும் பல கீர்த்தனைகளில் சாகித்தியத்துக்குள் ஒளித்தார். இந்தப் பெயர்ச்சீட்டைப் பிரித்து எறிய வேண்டுமானால் பாட்டையே உடைக்க வேண்டும். இதைவிடப் பத்திரமான ஃபைல் வடிவம் இன்றுவரை வரவில்லை என்பது என் தீர்ப்பு.

பிறகு இசைத்தட்டு வந்தது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிவு செய்தார். தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருக்கிற தொழிலாளிக்குத் தும்ரியும் தெரியாது, பாடுகிறவர் பெயரும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவான்? அதனால் பாடி முடித்த மூச்சோடு கௌஹர் ஜான் தன் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். அத்தனை ஆலாபனைக்கும் பிறகு, ஆஜர் பட்டியலுக்குக் கைதூக்கும் மாணவி மாதிரி. அந்தத் தட்டுகள் இப்போதும் கேட்கக் கிடைக்கின்றன. சம்பந்தரின் உத்தி 1,200 வருடம் கழித்து ஹானோவர் வழியாகத் திரும்பி வந்தது.

நம் பாடகர்கள் அதற்குள் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்கள். விவரம் மொத்தத்தையும் இனிஷியலில் மடித்து வைத்தார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா என்றால் செங்கோட்டை, கங்காதரன் மகன். கே.பி. சுந்தராம்பாள் என்றால் கொடுமுடி, பாலாம்பாள் மகள். எம்.எஸ். என்றால் மதுரை, சண்முகவடிவு. ஊரும் பெற்றோரும் இரண்டு எழுத்தில். வெள்ளைக்காரன் எழுதிய மென்பொருளோ கடைசியில் வருவது குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் சுப்புலட்சுமி என்று ஒரு வம்சம், சுந்தராம்பாள் என்று ஒரு வம்சம்.

கேசட் காலத்தில் எங்கள் பக்கத்து ரேடியோ செட் அண்ணாச்சிகள் இந்த விவகாரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். குழாய் கட்டுவதும் கேசட் பதிந்து கொடுப்பதும் ஒரே கடை. 60 நிமிஷ கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் அட்டையில் பால்பாயின்ட் பேனா எழுத்தோடு திரும்பி வரும். கடைக்குச் சொந்தமான கேசட்டுகளின் முதுகில் 'சாமி 1', 'சாமி 2', 'கல்யாணம்', 'சடங்கு', 'துக்கம்', 'எலெக்‌ஷன்'. ஒரு ஊரின் மொத்த வாழ்க்கையும் ஆறு வகையில் முடிந்துவிட்டது. ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 'துக்கம்' கேசட்டை 'கல்யாணத்'தில் போட்டுவிட்டால் மட்டும் கொஞ்சம் ரகளை.

அந்த அண்ணாச்சிகளிடம் ஆர்ட்டிஸ்ட் விசாரணை எப்படி நடக்கும் என்றால் இப்படி:

"இது யார் பாட்டு அண்ணாச்சி?"

"எம்.ஜி.ஆர் பாட்டுல்லா."

"பாடுனது யாருன்னு கேட்டேன்."

"அதத்தான சொல்லுதேன். எம்.ஜி.ஆர்."

டி.எம். சௌந்தரராஜன் தொண்டை கிழியப் பாடியும் கேசட் அட்டையில் இடம் கிடைக்கவில்லை. இதில் அண்ணாச்சியைக் குறை சொல்வதற்கும் இல்லை. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்து நாதஸ்வரப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பாடியவர் எஸ். ஜானகி. நாதஸ்வரம் எங்கள் திருநெல்வேலிச் சீமைக் காருகுறிச்சி அருணாசலம். இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. எழுதியவர் கு.மா. பாலசுப்பிரமணியம். திரையில் வாயசைப்பவர் சாவித்திரி, நாதஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கன்னத்தை உப்புபவர் ஜெமினி கணேசன். ஆர்ட்டிஸ்ட் கட்டம் ஒன்றுதான் என்றால் யார் பெயரைப் போடுவீர்கள்? காருகுறிச்சி இல்லாமல் அந்தப் பாட்டை யோசித்துக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் என் கைக்கு வந்த ஃபைல்களில் அவர் பெயரைப் பெரும்பாலும் காண முடிவதில்லை.

1982-ல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் இன்னும் மோசம். அத்தனை துல்லியமாக ஒலியைப் பதித்த மேதைகள் பாட்டின் பெயரை எழுத இடம் விட மறந்தார்கள். கணினியில் போட்டால் டிராக் 1, டிராக் 2. சகிக்க முடியாத ரசிகர்கள் உலகம் முழுவதும் தாங்களே உட்கார்ந்து இலவசமாகப் பெயர்களைத் தட்டச்சு செய்து சி.டி.டி.பி. என்ற பொதுப் பட்டியலை உருவாக்கினார்கள். அது கம்பெனியாகி, கிரேஸ்நோட் என்று பெயர் மாறி, 2008-ல் சோனி 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்தவர்களுக்குக் கிடைத்தது விரல் வலி.

இப்போது 128-க்கு வருவோம். எம்பி3 ஃபைலும் பிறந்தபோது ஊமைதான். 1996-ல் எரிக் கெம்ப் என்பவர், ஃபைலின் வாலில் 128 பைட் ஒட்டவைத்து விவரம் எழுதலாமே என்றார். அதுதான் ஐடி3. முதல் மூன்று பைட் 'டேக்' என்ற மூன்றெழுத்து அடையாளம். பாட்டுப் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். வாலில் வைத்ததற்குக் காரணம், விவரம் புரியாத பழைய பிளேயர்கள் இதையும் பாட்டு என்று நினைத்து வாசித்தாலும் கடைசியில் ஒரு 'கிர்'ரோடு போய்விடும். அடுத்த வருடம் மைக்கேல் முட்ஷ்லர் வந்து, பாட்டு எண் எழுத இடமில்லையே என்று குறிப்புக் கட்டத்திலிருந்து இரண்டு பைட்டை வெட்டிக்கொண்டார். பாகப்பிரிவினை எங்கும் இப்படித்தான்.

ஆர்ட்டிஸ்டுக்கு ஒரே கட்டம். சங்கனும் பதுமனும் புற்றுக்குள் சிரித்திருப்பார்கள்.

இசை வகையின் அந்த ஒரு பைட்டில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். கெம்ப்பின் பட்டியலில் 0 முதல் 79 வரை 80 வகை. போல்காவுக்கு 75, கிறிஸ்தவ ராப்புக்கு 61, குறும்புத்தனத்துக்கு 23. பின்னால் வினாம்ப் பிளேயர்காரர்கள் பட்டியலை நீட்டியபோது நீலப்படப் பின்னணி இசைக்குக்கூட ஓர் எண் கிடைத்தது, 109. கர்நாடக சங்கீதம் இல்லை. வில்லுப்பாட்டு இல்லை. ஒப்பாரி இல்லை. அண்ணாச்சியின் 'துக்கம்' கேசட்டுக்கு இருந்த தெளிவு இவர்களுக்கு இல்லை. இன்னொரு வேடிக்கை, பூஜ்யம் என்ற எண்ணுக்குரிய வகை 'புளூஸ்'. யாரும் எதுவும் நிரப்பாமல் பூஜ்யமாக விட்டுவைத்தால் பாட்டு தானாக புளூஸ் ஆகிவிடும். அதனால்தான் ஆடி மாதம் முழுக்கக் குழாயில் பாடுகிற எல்.ஆர். ஈஸ்வரி அம்மா, பல பென்டிரைவ்களில் மிசிசிப்பிக் கரையில் பருத்தி எடுத்தவர்களின் வாரிசாகத் தென்படுகிறார். பருத்தி எங்கள் கரிசலிலும் விளைகிறது என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

இந்த வாலைப் படிக்க ஸ்கிரிப்ட் எழுதுவது பெரிய வித்தை இல்லை. பைத்தான் என்ற நிரல்மொழியில் ஃபைலைத் திற, கடைசியிலிருந்து 128 பைட் பின்னால் போ, படி, கட்டம் கட்டமாக வெட்டு. நாலு வரி. மார்க் பில்கிரிம் தன் 'டைவ் இன்டு பைதான்' புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயத்தையே இந்த வேலையை வைத்துத்தான் நடத்தினார். நாகராஜாக்கள் ஊரில் இந்த வேலைக்கும் ஒரு பாம்பு வந்து சேர்ந்தது பொருத்தம்தான், அந்தப் பெயரை வைத்தவர் ஓர் ஆங்கில நகைச்சுவைக் குழுவை மனதில் வைத்துத்தான் வைத்தார் என்றாலும்.

ஸ்கிரிப்ட் ஓடும். பதில்தான் வயிற்றெரிச்சல். ஐடி3-இன் முதல் பதிப்பு ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்தது. நம் ஆட்கள் அதற்குள் தமிழைத் திணித்தார்கள். யூனிகோடுத் தமிழை யூ.டி.எஃப்-8 முறையில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளிக்குத் தனியாக 3, கொம்புக்குத் தனியாக 3. சங்கரன்கோவில் என்று எழுத 13 குறி, 39 பைட். கட்டத்தில் இருப்பது 30. விளைவு, எங்கள் ஊர் 'சங்கரன்கோவ' என்று நின்றுவிடும். ஏதோ சொல்ல வந்து கொட்டாவி விட்டதுபோல. 'கோமதி அம்மன்' 34 பைட். 'கோமதி அம்ம' வரை வந்து, அடுத்த எழுத்தின் மூன்றில் இரண்டு பைட் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ள, ஒரு கறுப்புக் கேள்விக்குறி. தவசிருந்து சிவனையும் பெருமாளையும் வரவழைத்தவளால் ஒரு 'ன்' வரவழைக்க முடியவில்லை.

பழைய பாமினி எழுத்துரு தேவலை என்பார்கள் சிலர். அதில் சங்கரன்கோவில் 14 பைட்டில் அடங்கும், உண்மைதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். எந்தப் பிள்ளையும் தாயை அப்படிக் கூப்பிட்டதில்லை. யூனிகோடைத் தப்பான முறையில் வாசித்தால் வேறு கூத்து. ஒவ்வொரு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யோடு, வட்டத்துக்குள் 'ஆர்' அடையாளத்தோடு வரும். அதாவது பதிவு செய்யப்பட்ட வணிகச் சின்னம். அகரத்துக்கும் ககரத்துக்கும் யாரோ வணிகச் சின்ன உரிமை வாங்கிவிட்டார்கள் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாரானேன்.

1998-ல் சுவீடனின் மார்ட்டின் நில்சனும் கூட்டாளிகளும் ஐடி3-இன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். டேக் வாலிலிருந்து தலைக்கு ஏறியது. சம்பந்தரை விட்டுவிட்டு ராஜராஜன் வழிக்குப் போய்விட்டார்கள். மெய்க்கீர்த்தி எவ்வளவு நீளமானாலும் சரி, படம் வைக்கலாம், வரிகள் வைக்கலாம், இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனிக் கட்டம், யூனிகோடுக்கும் இடம். படங்களில் 21 வகை: முன் அட்டை, பின் அட்டை, பதிவான இடம் என்று வரிசையாக வந்து, 17 என்ற எண்ணுள்ள வகைக்கு அவர்கள் வைத்த விளக்கம் 'பளிச்சென்ற நிறமுடைய ஒரு மீன்'. விளையாட்டில்லை, அதிகாரபூர்வ ஆவணத்தில் இருக்கிறது. பாட்டு ஃபைலுக்குள் மீன் எதற்கு என்று உலகமே மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது. எனக்குக் குழப்பமே இல்லை. எங்கள் கோயிலைக் கட்டியவன் உக்கிரபாண்டியன் என்கிறது தலபுராணம். பாண்டியன் கொடியில் இருப்பது என்ன? அப்புறமென்ன.

இரண்டு ஆர்ட்டிஸ்ட் பிரச்சினைக்கு மட்டும் அவர்கள் கண்ட வழி விபரீதம். 2.3 பதிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருந்தால் நடுவில் சாய்கோடு போடு என்றார்கள். ஆஸ்திரேலியாவில் ஏசி/டிசி என்று ஒரு ராக் குழு இருக்கிறது. பெயரிலேயே சாய்கோடு. டேக்கை ஒழுங்காகப் படிக்கிற மென்பொருள் அந்தக் குழுவை இரண்டாக அறுத்து, ஏசி ஒருவர், டிசி ஒருவர் என்று பாகம் பிரித்தது. இந்த முறையில் எங்கள் சுவாமியின் பெயரை எவனாவது சாய்கோடு போட்டு எழுதியிருந்தால், தவசும் தேரும் வீணாகி வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்திருக்கும். 2000-ல் வந்த 2.4 பதிப்பில்தான் சாய்கோட்டைக் கைவிட்டார்கள்.

இத்தனை வசதி வந்த பிறகு என் பென்டிரைவைப் படிக்க மியூட்டாஜென் என்ற பைத்தான் நூலகத்தை ஏவினேன். எல்லாப் பதிப்பையும் படிக்கும், ஃபிளாக், ஆக் என்று வேறு வடிவங்களையும் படிக்கும், நல்ல சாமர்த்தியம். பாட்டுப் பெயர்: ஒரு திருட்டு இணையதளத்தின் முகவரி. பாடியவர்: அதே முகவரி. ஆல்பம், இசை, குறிப்பு, அட்டைப்படம் எல்லாம் அதேதான். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வர இடமில்லாமல் 'உபயம்' எழுதுகிற ஆளுக்காவது டியூப்லைட் சொந்தக் காசு. இங்கே பாட்டும் இன்னொருவருடையது. இளையராஜாவும் கண்ணதாசனும் நடுவில் எங்கோ நசுங்கிக் கிடந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் அந்த வம்பும் இல்லை. தேதியும் 'டபிள்யூஏ 0004' போல ஓர் எண்ணும்தான் ஃபைலின் பெயர். உள்ளே டேக் சுத்தம்.

எந்த ஸ்கிரிப்டானாலும் யாரோ எழுதி வைத்ததைத்தான் படிக்கும். எழுதாததைப் படிக்க மியூட்டாஜெனுக்குத் தெரியாது, குறுந்தொகைத் தொகுப்பாளர்களின் குறும்பும் அதற்கு வராது. எங்கள் பக்கம் கோயில் கொடைக்குக் கொடை வில்லுப்பாட்டு நடக்கிறது. பாதி ஊர் போனைத் தூக்கிப் பதிவு செய்கிறது, மறுநாள் பெயரில்லாமல் எல்லாருக்கும் அனுப்புகிறது. ஒரு வேண்டுகோள். அனுப்புவதற்கு முன்னால் எந்த ஊர், எந்தச் சாமி, எந்த வருடம், புலவர் யார் என்று தமிழில், யூனிகோடில் எழுதிவிடுங்கள். ஸ்கிரிப்ட் தெரியாவிட்டால் இலவச டேக் எடிட்டர்கள் நிறைய இருக்கின்றன. உடுக்கை அடித்தவர், குடம் அடித்தவர், பின்பாட்டுப் பாடியவர் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். எந்த வாத்தியம், வாசித்தவர் யார் என்று ஜோடி ஜோடியாக எழுதவே 2.4 பதிப்பில் டி.எம்.சி.எல். என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஃபைல்களில் அது காலியாகத்தான் கிடக்கிறது.